கிடுகுக் கூரையின் துளையும் எட்டுக் கோள்களும்: பிள்ளைகளுக்கு ஞாயிற்றுத் தொகுதியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: ஒட்டுசுட்டான் வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தின் வாசிகசாலையில், தரம் 5 முதல் 7 வரை படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படித்தவள். தமிழும் வரலாறும் கற்பிப்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. கடந்த கிழமை ஞாயிற்றுத் தொகுதி என்ற பாடத்தைத் தொட்டபோதுதான் அதன் அடிப்படையே எனக்குத் தெரியாது என்பது விளங்கியது.

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள். அதற்கு மேல் நான் ஒன்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அவர்கள் என்னிடம் கேட்டால் நான் அமைதியாகிவிடுகிறேன். அவர்கள் கேட்டவற்றுள் நான்கை இங்கே எழுதுகிறேன். பாடப்புத்தகப் படத்தில் கோள்கள் எல்லாம் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்பவர்களைப்போல நெருக்கியடித்து நிற்கின்றனவே, அப்படியானால் வியாழன் நம் வானத்தில் ஏன் பூசணிக்காய் அளவில் தெரியவில்லை என்று ஒருவன் கேட்டான். சூரியன் எந்த விறகில் எரிகிறது, அது எப்போது முடியும் என்பது இன்னொருவனின் கேள்வி. புரட்டாதிச் சனிக்கிழமைகளில் அம்மா எள்ளெண்ணெய் எரிப்பது இந்த வளையம் போட்ட சனிக்குத்தானா என்று ஒரு சிறுமி கேட்டாள். கோயிலில் ஒன்பது கிரகங்கள், புத்தகத்தில் எட்டுக் கோள்கள், எது சரி என்பது நான்காவது கேள்வி. இதைக் கேட்டவன் பரீட்சையில் எதை எழுத வேண்டும் என்றும் சேர்த்தே கேட்டான்.

எங்களிடம் தொலைகாட்டி இல்லை. இணையத் தொடர்பு வரும், போகும். இருப்பவை கயிறு, அளவு நாடா, கடதாசி, கிடுகால் வேய்ந்த ஒரு தாழ்வாரம், பக்கத்தில் ஒரு குளக்கட்டு. இவற்றை வைத்துக்கொண்டு எங்கிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிளிநொச்சி

பிள்ளை, உங்களிடம் கிடுகுத் தாழ்வாரம் இருக்கிறதென்றால் தொலைகாட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலை ஒரு கிழமைக்கு மூடி வைத்துவிட்டுச் சூரியனிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தொகுதியின் மொத்தத் திணிவில் 99.8 வீதத்துக்கும் மேற்பட்டது சூரியனிலேயே இருக்கிறது. எட்டுக் கோள்களும் மிச்சம் மீதியில் பங்கு போட்டவை.

கிடுகு பழசாகும்போது ஓலைகளுக்கிடையே சிறு துளைகள் விழும். அவற்றின் வழியாக நிலத்தில் விழும் வெளிச்சப் பொட்டுகளைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்த்திருப்பார்கள். அந்தத் துளைகளில் ஒன்றாவது வட்டமாக இருக்காது; கோணலாகவும் கீறலாகவும் முக்கோணமாகவும் இருக்கும். ஆனால் உயரத்திலிருந்து விழும் பொட்டுகள் எல்லாம் வட்டமாக இருக்கும். ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்த வட்டம் துளையின் வடிவமன்று, சூரியனின் உருவம். ஒவ்வொரு துளையும் சூரியனின் படத்தைத் தலைகீழாக நிலத்தில் போடுகிறது. முகில் ஒன்று சூரியனைக் கடக்கும்போது பொட்டின் குறுக்கே அது எதிர்ப்பக்கமாக நகர்வதைச் சில வேளைகளில் காணலாம்.

இதை நான் ஒரு நாளில் மிக நன்றாகப் பார்த்தேன். 2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊடாக வலயச் சூரிய கிரகணம் (சந்திரன் சூரியனின் நடுவை மறைக்க, ஓரம் மட்டும் மோதிரம்போலத் தெரிவது) கடந்து சென்றது. அன்று ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். கடற்கரைப் பக்கத்து உறவினர் வீட்டுக்கு நான் போயிருந்தேன். கிரகண வேளையில் வெளியே வரக் கூடாது என்று வீட்டிலிருந்த மூதாட்டி பேரப்பிள்ளைகளைக் கிடுகுக் குசினிக்குள் இருத்தி வைத்திருந்தார். ஒன்பதரை மணி கடந்தபோது வெயில் மங்கி வெள்ளிப்பூச்சுப் போலானது. குசினித் தரையிலும், கழுவி வைத்த சட்டியிலும், கிழவியின் வெள்ளைச் சேலை மடியிலும் நூற்றுக்கணக்கான சிறு மோதிரங்கள் விழுந்து கிடந்தன. வெளியே நின்று கறுப்புக் கண்ணாடி தேடிய எங்களைவிட, பயத்தால் உள்ளே இருந்தவர்களே அன்று கிரகணத்தை நன்றாகக் கண்டார்கள்.

இனி அளவைக்கு வருவோம். நண்பகலை அண்டிய நேரத்தில் ஒரு பொட்டைத் தெரிந்தெடுத்து, அது விழும் இடத்தில் வெள்ளை அட்டையொன்றைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். அட்டை சரிந்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். துளையிலிருந்து அட்டை வரையுள்ள தூரத்தையும் வட்டத்தின் விட்டத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 108 வரும். கூரை உயர்ந்தால் பொட்டும் அதே விகிதத்தில் பெரிதாகும். இந்த எண்ணைக் கண்டதும் உருத்திராட்ச மாலையின் 108 மணிகளைப் பற்றி யாராவது பேசத் தொடங்குவார்கள். அது தற்செயல், பாடத்தை அந்தப் பக்கம் போக விடாதீர்கள். அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: சூரியன் தன் விட்டத்தைப்போல ஏறத்தாழ 108 மடங்கு தூரத்தில் நிற்கிறது. தூரம் ஏறத்தாழ 15 கோடிக் கிலோமீற்றர் என்று தெரிந்தால் விட்டம் 13 இலட்சத்து 90 ஆயிரம் கிலோமீற்றர் என்பதைத் தரம் 6 பிள்ளையே கணக்கிட்டுவிடும். பூமியின் விட்டம் 12,742 கிலோமீற்றர். சூரியனின் குறுக்கே 109 பூமிகளை வரிசையாக அடுக்கலாம்.

விறகுக் கேள்வியைக் கேட்டவன் நல்ல மாணவன். விறகு எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும், சூரியன் அப்படி எரிவதில்லை. அத்தனை பெரிய உடல் விறகுபோலவோ நிலக்கரிபோலவோ எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளிலேயே தீர்ந்திருக்கும். சூரியனின் வயதோ ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். அதன் மையத்தில் வெப்பநிலை 1 கோடியே 50 இலட்சம் பாகை செல்சியஸ். அந்த வெப்பத்திலும் அமுக்கத்திலும் ஐதரசன் அணுக்கருக்கள் இணைந்து ஈலியமாகின்றன. ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 60 கோடித் தொன் ஐதரசன் ஈலியமாக மாற, அதில் 40 இலட்சம் தொன் திணிவு சக்தியாகி வெளியேறுகிறது. இவ்வளவு இழந்தும் இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு உண்டு என்று அந்தப் பையனிடம் சொல்லுங்கள். நாம் காணும் மேற்பரப்பின் வெப்பம் 5,500 பாகைதான்.

நிழலையும் விட்டுவிடாதீர்கள். இப்போது ஆனி மாதம்; முற்றத்தில் நேராக நட்ட தடியின் நிழல் நண்பகலில் தெற்கே விழும். பூமியின் அச்சு 23.5 பாகை சரிந்திருப்பதால் சூரியன் இந்த மாதங்களில் நமக்கு வடக்கே நிற்கிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ற் மாதக் கடைசியிலுமாக ஆண்டில் இரு தடவைகள் அது வன்னியின் உச்சிக்கு நேரே வரும். அந்நாள்களில் 12.10 மணியளவில் தடிக்கு நிழலே இராது. வெயில் கிணற்றின் அடிவரை இறங்கும்.

ஒரு கண்டிப்பு. சூரியனை நேரே பார்க்கப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள். எக்ஸ்றே படம், புகை பிடித்த கண்ணாடி, இறுவட்டு, சாணித் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் ஆகிய எவையும் பாதுகாப்பானவை அல்ல. விழித்திரை கருகும்போது வலி தெரியாது. முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு அட்டையை மட்டும் பார்க்கப் பழக்குங்கள்.

மறுமொழி 2
எழுதியவர்: குளக்கட்டு நடையன், வவுனியா

வணக்கம் அக்கா. ஆசிரியர் சூரியனைச் சொல்லிவிட்டார். நான் தூரத்தை மட்டும் சொல்கிறேன். பாடப்புத்தகப் படத்தைக் குறை சொல்வதற்கில்லை, ஒரு பக்கத்துக்குள் வேறு விதமாக வரையவே முடியாது. கோள்களின் பருமனையும் அவற்றுக்கிடையேயுள்ள தூரத்தையும் ஒரே அளவிடையில் காட்டுவதற்குக் குளக்கட்டுத்தான் பொருத்தமான இடம்.

ஒரு சென்ரிமீற்றர் என்பது ஓர் இலட்சம் கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சூரியன் 14 சென்ரிமீற்றர் விட்டமுடையது. உரித்த பெரிய தேங்காய் ஒன்று போதும். அதைக் கட்டின் ஒரு முனையில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஆறாவது மீற்றரில் புதன் வரும், அது பெரிய மணற்பருக்கை அளவு. பதினோராவது மீற்றரில் வெள்ளி, பதினைந்தாவது மீற்றரில் பூமி; இரண்டுக்கும் ஒவ்வொரு குரக்கன் மணி. பூமிக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்தில், ஊசிமுனையால் குத்திய புள்ளியளவில் சந்திரன். மனிதர் விண்வெளியில் இதுவரை சென்ற அதிகூடிய தூரம் ஏறத்தாழ அந்த இரண்டு விரல் அகலந்தான். இதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். இருபத்துமூன்றாவது மீற்றரில் செவ்வாய், குரக்கன் மணியில் பாதி.

இதன் பிறகுதான் நடை. 78 மீற்றரில் வியாழன் வரும், ஒன்றரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இது பாலைப்பழக் காலம் என்பதால் ஒரு பாலைப்பழத்தை வைக்கலாம். கிடைக்காவிட்டால் விளையாட்டுப் போளை. 143 மீற்றரில் சனி, அதைவிடச் சிறிது சின்னது. ஒரு கொண்டைக்கடலையை 27 மில்லிமீற்றர் அகலமான கடதாசி வட்டத்தின் நடுவே பதித்துவிட்டால் வளையமும் அளவிடைக்குச் சரியாக வரும். 287 மீற்றரில் யுரேனசுக்கு ஒரு பயறு, 450 மீற்றரில் நெப்டியூனுக்கு ஓர் உழுந்து. மணிகளை அட்டையில் பசையால் ஒட்டி, அட்டையைத் தடியில் கட்டி நடுங்கள். கச்சான் காற்று வீசும் நாளில் குரக்கன் மணியைக் கையில் வைத்திருந்தால் பூமி குளத்துக்குள் போய்விடும்.

பூமிக்கருகில் நின்று பாலைப்பழத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சூரியனுக்கு ஒரே பக்கத்தில் வந்து மிக அருகில் நிற்கும்போதுகூட இடையில் 63 மீற்றர் இருக்கும். வியாழன் ஏன் பூசணிக்காய் அளவில் தெரியவில்லை என்று கேட்டவன் அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒளி. உலகில் ஒளியைவிட வேகமாக எதுவும் செல்வதில்லை என்று எல்லோரும் எழுதுகிறோம்; இந்த அளவிடையில் அந்த ஒளி செக்கனுக்கு மூன்றே மூன்று சென்ரிமீற்றர்தான் நகரும். அது எறும்பு ஊரும் வேகம். தேங்காயிலிருந்து புறப்படும் எறும்பு குரக்கன் மணியை அடைய 8 நிமிடமும் 20 செக்கனும் எடுக்கும், உழுந்தை அடைய நான்கு மணித்தியாலத்துக்கு மேலாகும். 1977இல் ஏவப்பட்ட வோயேஜர் 1 என்ற விண்கலம் இப்போது ஏறத்தாழ 2,500 கோடிக் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. நம் அளவிடையில் அது தேங்காயிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர். அடுத்த தேங்காயை, அதாவது சூரியனைப்போன்ற அடுத்த உடுவை (நட்சத்திரத்தை), வைக்க வேண்டிய இடமோ நான்காயிரம் கிலோமீற்றருக்கு அப்பால். உங்கள் வகுப்பில் தகப்பன் சவூதியில் வேலை செய்யும் பிள்ளை இருந்தால் இலகு: ஒரு தேங்காய் ஒட்டுசுட்டானில், அடுத்தது ரியாத்தில். அந்த உடுவின் பெயர் அல்பா சென்டோரி. இந்த மாதங்களில் முன்னிரவில் தெற்கே தாழ்வாக, தென்சிலுவைக்குக் கிழக்கே அதைக் காணலாம்.

கோள்களின் குணங்களைப் பற்றிப் புத்தகத்தில் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அநேகமாகப் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. சூரியனுக்கு மிக அருகிலுள்ளது புதன் என்பதால் அதுவே அதிக வெப்பமானது என்று எழுதுவார்கள். புதனில் காற்று மண்டலம் என்று சொல்லத்தக்கது இல்லை; பகலில் 430 பாகை வரை சூடேறினாலும் இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180 பாகை வரை குளிர்ந்துவிடும். வெள்ளியிலோ தடித்த காபனீரொட்சைட்டு மண்டலம் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருப்பதால் இரவு பகல் எப்போதும் 465 பாகையளவில் இருக்கிறது. ஈயம் உருகும் சூடு அது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ஏறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: ஒட்டுசுட்டான் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. ஞாயிற்றுக்கிழமை கட்டில் நடக்கப் போகிறோம். சனி பற்றிய கேள்வியும் ஒன்பதா எட்டா என்ற கேள்வியும் இன்னும் மிச்சம். எள்ளெண்ணெய் எரிக்கும் தாய்மாரின் மனம் நோகாமலும் பிள்ளைகளுக்குப் பிழையாகச் சொல்லாமலும் எப்படி விளக்குவது?

மறுமொழி 3
எழுதியவர்: வயற்காவல், முத்தையன்கட்டு

நான் ஆசிரியன் அல்லன். சிறுபோகத்திலும் காலபோகத்திலும் பன்றிக்கும் யானைக்கும் வயலில் காவல் கிடப்பவன். யானை வெடி கொளுத்தாத நேரம் முழுவதும் வானத்தைப் பார்ப்பதைத் தவிரக் காவற்கொட்டிலில் வேறு வேலை இல்லை. எனவே கண்ணால் கண்டதிலிருந்து சொல்கிறேன்.

வானத்தில் மினுங்கும் அத்தனையும் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் ஒரே பாய் விரித்ததுபோல நகர்ந்து போகும். கார்த்திகைக் கூட்டம் எனக்குத் தெரிந்த நாள் முதல் அதே கூட்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பாயின் மீது ஊர்ந்து இடம் மாறுபவை ஏழே ஏழு: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கிழமையின் ஏழு நாள்களுக்கும் இந்த ஏழின் பெயர்களே இருக்கின்றன. ஆகவே அந்தச் சிறுமிக்கு விடை, ஆம், அதே சனிதான். சனிக்கிழமைக்குப் பெயர் தந்த சனியும் வளையம் போட்ட சனியும் ஒன்றே. வெறுங்கண்ணுக்கு அது மங்கிய மஞ்சள் புள்ளியாகத் தெரியும். வளையத்தைக் காணத் தொலைகாட்டி வேண்டும். தாய் விளக்கேற்றுவது அவரது வழிபாடு, அதை நாம் தொடத் தேவையில்லை.

ஏழரைச் சனி என்ற சொல்லைத் தெரியாத வீடு வன்னியில் இருக்காது. அந்த ஏழரை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். சனி சூரியனை ஒரு முறை சுற்றி வர 29 ஆண்டும் ஐந்தரை மாதமும் ஆகும். முப்பது என்று எடுத்துக்கொண்டு பன்னிரண்டு இராசிகளுக்குப் பிரித்தால் ஒரு இராசிக்கு இரண்டரை ஆண்டு, மூன்று இராசிகளுக்கு ஏழரை ஆண்டு. வியாழன் சுற்றி வர 11.86 ஆண்டு என்பதால் குருப்பெயர்ச்சி ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை வருகிறது. பலன் சொல்வதை நம்புகிறோமோ இல்லையோ, பஞ்சாங்கத்தைக் கணித்தவர்கள் வானத்தைக் கண்ணால் அளந்தவர்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இனி ஒன்பதும் எட்டும். இங்கே பெரியவர்களுக்கே ஒரு குழப்பம் உண்டு. 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து 2006 ஓகஸ்ற் 24ஆம் திகதி பிராக் நகரத்தில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தும் வரை பாடப்புத்தகத்திலும் ஒன்பது கோள்கள் இருந்தன. நாங்கள் அந்தக் காலத்தில் படித்தவர்கள். கோயிலிலும் ஒன்பது, புத்தகத்திலும் ஒன்பது என்பதால் இரண்டும் ஒரே பட்டியல் என்றே எண்ணியிருந்தோம். எண்ணிக்கை மட்டுமே ஒன்றாயிருந்தது, பட்டியல் வேறு. நவக்கிரகங்களில் ஐந்துதான் கோள்கள். சூரியன் ஓர் உடு; சந்திரன் பூமியின் உபகோள். நாம் நின்று பார்க்கும் இடமே பூமி என்பதால் அது பட்டியலில் வராது. யுரேனசை வில்லியம் ஹேர்ஷல் 1781இல் தொலைகாட்டியில் கண்டார், நெப்டியூன் 1846இல் அகப்பட்டது. எனவே இரண்டும் பழைய பட்டியலில் இருக்க நியாயமில்லை.

மிஞ்சுபவை இராகுவும் கேதுவும். இவை கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் அல்ல, இரண்டு சந்திகள். சூரியன் போகும் பாதைக்குச் சந்திரன் போகும் பாதை ஏறத்தாழ ஐந்து பாகை சரிந்திருக்கிறது. வாய்க்காலும் வண்டிப்பாதையும் குறுக்கிடுவதுபோல இரண்டும் இரு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்தச் சந்திகளுக்கு அண்மையில் சூரியன் நிற்கும்போது அமாவாசையோ பூரணையோ வந்தால்தான் கிரகணம். பாம்பு விழுங்குகிறது என்ற கதைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். அந்தச் சந்திகளும் ஓரிடத்தில் நில்லாமல் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்றை முடிக்கின்றன. இராகு கேதுப் பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கொரு முறை வருவதும், அவை மட்டும் எப்போதும் பின்னோக்கிச் செல்கின்றன என்று சாத்திரிமார் சொல்வதும் அதனால்தான். பரீட்சையில் எட்டு என்றே எழுதச் சொல்லுங்கள். ஏன் எட்டு, ஏன் ஒன்பது என்று இரண்டையும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் குழப்பம் வராது.

இரவில் கோளை அடையாளம் காண்பதற்கும் ஒரு வழி உண்டு. சூரியனும் சந்திரனும் போகும் தடத்தை விட்டுக் கோள்கள் விலகுவதில்லை. வடக்கே வெகு தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் அது கோளாக இருக்காது. உடுக்களைப்போலக் கோள்கள் அவ்வளவாக மினுக்குவதுமில்லை. வெள்ளியை நடுச்சாமத்தில் ஒருபோதும் காண முடியாது. அதன் சுற்றுப்பாதை நமது பாதைக்கு உள்ளே இருப்பதால் சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் அது விலகாது. ஆகவே மாலையில் மேற்கே அல்லது விடியலில் கிழக்கே மட்டுமே தெரியும். விடிவெள்ளியும் மாலை வெள்ளியும் ஒன்றே என்பதை ஒரே ஆண்டில் இரண்டையும் பார்த்த பிறகுதான் நான் நம்பினேன். நடுச்சாமத்தில் உச்சியில் மிகப் பிரகாசமாக, மினுக்காமல் ஒன்று நின்றால் அது பெரும்பாலும் வியாழன். பறவை பார்க்கும் பைனாகுலர் ஒன்றை மரத்தில் சாய்த்து அசையாமல் பிடித்துப் பார்த்தால் அதன் இரு பக்கங்களிலும் நான்கு வரையான புள்ளிகள் ஒரே கோட்டில் தெரியும். 1610இல் கலிலியோ கண்ட உபகோள்கள் அவைதான். அடுத்த இரவு பார்த்தால் வரிசை மாறியிருக்கும்.

மறுமொழி 4
எழுதியவர்: குளக்கட்டு நடையன், வவுனியா

காவல் அண்ணா, ஏழரைச் சனியை நான் இப்படி ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. ஆசிரியரிடம் ஒரு கேள்வி. கூரைத் துளையால் 108 என்ற விகிதம் மட்டுந்தான் கிடைக்கிறது. 15 கோடி என்ற தூரத்தைப் பிள்ளைகள் எங்களை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானா?

மறுமொழி 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிளிநொச்சி

தம்பி, சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். தூரத்தை இரண்டு படிகளில் அளந்தார்கள். முதற்படியில் விகிதம். பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரத்தை 1 என்று வைத்தால், ஒரு கோளின் தூரத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணும் அது சுற்றி வர எடுக்கும் ஆண்டை இரண்டு முறை பெருக்கி வரும் எண்ணும் சமம் என்று வானியலாளர் கெப்ளர் 1619இல் வெளியிட்டார். வியாழனின் தூரம் 5.2, அதை மூன்று முறை பெருக்கினால் 140.6. காலம் 11.86, இரண்டு முறை பெருக்கினால் 140.7. பிள்ளைகள் கணிப்பானில் சனியையும் செய்து பார்க்கட்டும், அதன் தூரம் 9.54. இதனால் முழுத் தொகுதியின் வரைபடமும் கையில் இருந்தது, அளவிடைதான் தெரியாமலிருந்தது. ஒரேயொரு தூரத்தைக் கிலோமீற்றரில் அளந்துவிட்டால் மற்ற எல்லாம் தாமாக வந்துவிடும். வெள்ளி சூரியனைக் குறுக்கே கடக்கும் வேளைகளில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் ஓரளவு அளந்தார்கள். 1961இல் வெள்ளியை நோக்கி ராடர் அலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பிய நேரத்தை அளந்ததோடு சந்தேகம் தீர்ந்தது.

கேள்வி கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: ஒட்டுசுட்டான் வாசகி

ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். தேங்காயிலிருந்து நெப்டியூன் வரை செல்வதற்குள் சின்னப் பிள்ளைகள் இருவர் பாதியில் இருந்துவிட்டார்கள். 143 மீற்றரில் சனியை நட்டதும் இனி முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவரை நடந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இன்னும் உண்டு என்றபோது யாரும் நம்பவில்லை. உழுந்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது தேங்காய் எங்கே என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த சைக்கிள் மட்டும் தெரிந்தது. எறும்பு ஒன்றைத் தேங்காயில் விட்டோம். அது பூமிக்குப் போகாமல் தேங்காய்க் கண்ணைத் தேடிப் போயிற்று. வியாழனுக்குக் காவல் விட்டிருந்த பையன், நாங்கள் திரும்பி வரும்போது வெறும் தடியோடு நின்றான். பாலைப்பழத்தை எங்கே என்று கேட்டால் காற்று என்கிறான். அவனுடைய உதட்டில் பால் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

கூரை அளவையில் எங்களுக்கு ஒரு சிக்கல். துளையிலிருந்து அட்டைக்கு 290 சென்ரிமீற்றர், பொட்டின் விட்டம் 3 சென்ரிமீற்றர். வகுத்தால் 97தான் வருகிறது. சூரியனின் விட்டம் 15 இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிடுகிறது. மூன்று பேர் அளந்தும் அதே விடை. எங்கே பிழை விட்டோம்?

மறுமொழி 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கிளிநொச்சி

பிழை விடவில்லை பிள்ளை, ஒன்றைக் கழிக்க மறந்துவிட்டீர்கள். அதைச் சொல்லாமல் விட்டவன் நான். துளைக்கும் ஓர் அகலம் உண்டல்லவா. அந்த அகலம் பொட்டின் விட்டத்தோடு சேர்ந்துவிடும். ஏணி வைத்துத் துளையை அளந்து பாருங்கள். அது 3 மில்லிமீற்றராக இருந்தால் பொட்டு 2.7 சென்ரிமீற்றராகும், 290ஐ அதனால் வகுத்தால் 107 வரும். துளை பெரிதாக இருந்தால் கிடுகுக்கு மேலே ஒரு அட்டையைச் செருகி, அதில் ஊசியால் குத்திய துளையைப் பயன்படுத்துங்கள். பொட்டு மங்கலாகத் தெரியும். தாழ்வாரத்தின் பக்கங்களைச் சாக்கால் மறைத்துவிட்டால் போதும்.